நான்தான் காவியா பேசறேன்

அத்தியாயம் 14

பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகிற எட்டேகால் பஸ்ஸில் சித்ராவுக்கென்று ஒரு சீட் உண்டு. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல். பன்னிரண்டு வருடமாக அதே ஜன்னல்தான். எங்கே என்றுகூடக் கேட்காமல் கண்டக்டர் மகளிர் டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்துவிட்டுப் போவார். காலையில் அவளோடு பேச வேண்டிய முதல் ஆளும் இப்படிப் பேசாமலே போய்விடுவார்.

போன வாரம் வந்த மெயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தாலும் பாதகமில்லை, அவள் அம்மா கண்ணகி அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சித்ராவின் தங்கை காவியா சிவில் இன்ஜினியர். சென்னையில் மழைநீர் வடிகாலுக்குப் படம் போடுகிற கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். அவளை ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் தண்ணீர்ச் சட்டத்தில் எல்.எல்.எம். படிக்க வா என்று கூப்பிட்டிருக்கிறது. இன்ஜினியர்களையும் சேர்த்துக்கொள்கிற ஒரு வருடப் படிப்பு. பாதிக் கட்டணத்தை அவர்களே தள்ளுபடி செய்துவிட்டார்கள். மீதியையும் தங்கும் செலவையும் சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டால்தான் காவியா விமானம் ஏற முடியும். அந்த அறக்கட்டளையின் கடைசிப் பட்டியலில் இரண்டே பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒருவருக்குத்தான் உதவி.

இதில் கண்ணகிக்கு ஒரே ஒரு மனக்குறை.

"அப்ப கருப்புக் கோட்டு போட மாட்டியாடி?"

"மாட்டேம்மா. இந்தப் படிப்புக்குக் கோர்ட்டுல நின்னு வாதாட முடியாது. இது வேற."

"கோட்டும் கெடையாது, கோர்ட்டும் கெடையாது. அப்பால இன்னாத்துக்கு வக்கீல் படிப்பு?"

காவியா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இன்று விடியற்காலை பஸ்ஸுக்கே சென்னைக்குக் கிளம்பிப் போயிருந்தாள், பழைய கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்க. நாளைக் காலை பத்து மணிக்கு அறக்கட்டளைக் குழு வீடியோவில் கூப்பிடுமாம். அதற்குள் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

சித்ரா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தங்கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் வேண்டாத கோயில் இல்லை. கிடைத்துவிட்டால் வீட்டில் அம்மாவும் டிவியும் தானும்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள்தான் இருந்தன. என்ன செய்வது?

*

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற 'காவியா கம்ப்யூட்டர்ஸ்' சித்ராவின் கடை. கடை வைத்த அன்று போர்டு எழுத வந்த பெயின்டர், "இன்னா பேர் போடறதுமா?" என்று கேட்டார். தன் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் காவியா மேடம், காவியாக்கா, காவியாம்மா. திருத்திப் பார்த்தாள். முதல் வருடத்தோடு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

ஜெராக்ஸ், பிரின்ட், பான் கார்டு, பென்ஷன், பரீட்சை விண்ணப்பம் என்று எல்லாமே அங்கே உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. போன் இருப்பவர்களுக்கு ஓடிபி என்றால் உதறல். அதனால் எந்த ஃபாரமாக இருந்தாலும் மெயில், போன் நம்பர் கட்டம் வந்ததும் சித்ராவின் விரல் தன்னால் தன் நம்பரை அடித்துவிடும். ஓடிபி அவளுக்கு வரும். விசாரணை போனும் அவளுக்குத்தான் வரும்.

அன்று காலைகூட அப்படி ஒன்று வந்தது. விதவை பென்ஷன் கேட்டிருந்த சொக்கம்மாள் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சொக்கம்மாளா பேசறது?"

"ஆமா சார், நான்தான் சொக்கம்மா பேசறேன்," என்றாள் சித்ரா, ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆமா சார். அறுபத்தொண்ணு. வூட்டுக்காரரு தவறி மூணு வருசம் ஆவுது. ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. சரி சார்."

சொக்கம்மாள் வாயெல்லாம் சிரிப்பாக, "என் குரலு இம்மாம் நல்லாவா கீது?" என்றாள்.

"காது சரியா கேக்காத நீ பேசினா அந்தாளு நாலு தபா கத்துவாரு. வேல ஆவணுமா இல்லியா?"

"நீ நல்லாருக்கணும் காவியாம்மா."

சொக்கம்மாள் போன பிறகு ஒரு மாப்பிள்ளை பையனுக்குப் பாஸ்போர்ட், ஒரு டிரைவருக்கு லைசென்ஸ் புதுப்பிப்பு. ஒரு நாளைக்குச் சித்ரா ஏழெட்டுப் பேராக வாழ்கிறாள். பிறந்தநாள், அப்பா பெயர், ரத்த வகை என்று எல்லோருடையதும் மனப்பாடம். சித்ரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு ஒரு போன் வந்து எத்தனையோ காலமாகிறது. பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்வது பேங்க்காரர்கள்தான். அதிலும் இரண்டு பேங்க்.

*

பன்னிரண்டே முக்காலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். தயிர்ச்சோறு, மாவடு. முதல் கவளத்துக்கே போன் அடித்தது. சென்னை நம்பர்.

"வணக்கம். காவியாவா?"

"ஆமா சார், நான்தான் காவியா பேசறேன்," என்றாள் சோற்றை விழுங்கிக்கொண்டே.

"என் பேர் தானியேல். அறக்கட்டளையிலிருந்து பேசறேன். நாளைக்குக் குழு உங்களைப் பார்க்கறதுக்கு முன்னால நான் ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசி அறிக்கை கொடுக்கணும். இது முன்கூட்டியே சொல்லாம பண்ற நேர்காணல். இப்போ பேசலாமா?"

சித்ராவுக்குக் கை தயிரோடு அப்படியே நின்றுவிட்டது.

தங்கையின் விண்ணப்பத்தையும் இந்தக் கடையில்தான் போட்டாள். மெயில் கட்டத்தைக் காவியாவே கூட நின்று நிரப்பினாள். போன் கட்டத்தில் விரல் தன்னால் ஓடியிருக்கிறது.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். 'சார், நான் அக்கா. அவ சென்னைக்குப் போயிருக்கா. நம்பர் தர்றேன்.' அவ்வளவுதான் விஷயம். ஆனால் அரை நிமிடத்துக்கு முன்னால்தான் நான்தான் காவியா என்று சொல்லியிருக்கிறாள். இப்போது மாற்றிச் சொன்னால் இது என்ன குடும்பம் என்று நினைக்க மாட்டாரா? அவள் தயங்கிக்கொண்டிருந்தபோதே அவர் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"சுத்தி வளைக்காமக் கேக்கறேன். இன்ஜினியரிங் படிச்சுட்டு எதுக்கும்மா சட்டம்? ஃபாரத்துல எழுதினதைப் படிச்சுட்டேன். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று சித்ராவிடம் யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்து போன மூன்று குடும்பங்கள்கூட என்ன சமைப்பாய் என்றுதான் கேட்டன. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கேள்வியும் அவளுக்கு வந்தது இல்லைதான். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"எங்க நைனாவுக்கு ஏரிக்குப் பக்கத்துல ஒண்ணரை ஏக்கர் சார். மேல இருக்கற நெலத்த வாங்கி பிளாட் போட்டாங்க. ஏரிக்கு வர்ற வரத்துக்கால்வாய் மேலயே ரோடு போட்டுட்டாங்க. மழ பெஞ்சா ஏரிக்குப் போற தண்ணி எங்க கழனியில நின்னுக்கும். கதிர் வாங்கின பயிரு. ரெண்டு போகம் அழுவிப் போச்சு."

"ம்."

"நான் அப்ப ஃபைனல் இயரு. காலேஜ் லேப்ல கெஞ்சி லெவல் மிஷின் வாங்கியாந்து மூணு நாள் அளந்தேன். நைனா அளவுகோலப் புடிச்சிக்கினு முட்டி வரைக்கும் சேத்துல நின்னாரு. கால்வா இருந்த எடம் ஒண்ணேகால் அடி மேடாயிருந்திச்சு சார். படம் போட்டு எடுத்துக்கினு திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்த ஆபீசர் நல்லவரு சார். படத்தப் பாத்துட்டு, 'ரொம்ப சுத்தமா அளந்திருக்கேம்மா'ன்னாரு. அப்பறம், 'எந்தச் சட்டத்துல கேக்கறே? எந்த உரிமையில கேக்கறே?'ன்னாரு. எனக்குத் தெரியல. 'தண்ணி பள்ளத்துக்குத்தான் சார் போவும்'னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. கேலியா இல்ல சார், பாவம்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இன்னும் என்ன வுட்டுப் போவல."

சித்ராவால் நிறுத்த முடியவில்லை.

"மட்டம் பாக்க நாலு வருஷம் படிச்சேன். அத எங்க கொண்டுபோய், யாருகிட்ட, எப்படிக் கேக்கணும்னு யாரும் ஒரு பக்கம்கூட சொல்லித் தரல. எங்க நைனா திரும்பி வர்றப்ப பஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'நீ போட்ட படம் பொய் இல்லியேம்மா'ன்னு. இல்ல நைனான்னேன். அந்த வருஷமே அவரு நெஞ்சு வலியில போயிட்டாரு."

"இது நடந்து எத்தனை வருஷமாச்சு?"

"பதிமூணு வருஷம் சார்."

பேனாவால் எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு சற்று நேரம் அதுவும் கேட்கவில்லை.

"அந்தப் படம் இன்னும் இருக்கா?"

"இருக்கு சார். பரண் மேல."

"நாளைக்குக் கையில வெச்சுக்கோங்க, குழு பார்க்கட்டும். என் அறிக்கையை இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்புவேன். அதுக்குள்ள ஏதாவது சேர்க்கணும், மாத்தணும்னு தோணினா இதே நம்பருக்குக் கூப்பிடுங்க. நல்லாப் பேசினீங்கம்மா. ரொம்ப நல்லாப் பேசினீங்க."

போனை வைத்த பிறகு சித்ரா மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவள் சந்தோஷமாக இருந்தாள். டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போன பிறகுதான், செய்திருப்பது என்ன என்பது உறைத்தது. மூடி கை நழுவிச் சாக்கடை ஓரமாக உருண்டு போயிற்று.

*

காவியா நாலேகாலுக்கு நேரே கடைக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"வாங்கிட்டேன்க்கா! ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சாங்க. ஆனா எம்.டி. கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு. பாரு."

சித்ரா சான்றிதழைப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"காவி, உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. காவியாவின் சிரிப்பு மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

"நீ... நான்னு சொல்லிப் பேசினியா?"

"பழக்கத்துல வந்துருச்சுடி."

"ஓடிபி சொல்ற மாதிரி என் இன்டர்வியூவ நீ குடுத்துட்டே! ஒரு வருஷமாக்கா. ஒரு வருஷமா இந்தக் கேள்விக்குப் பதில் ரெடி பண்ணிக்கினு இருந்தேன். நான் படத்துல போடற கோட்ட எல்லாம் கடைசியில ஒரு வக்கீல் வந்து அழிக்கறாரு, அதனாலதான் படிக்கணும்னு... இத அவரு எங்கிட்ட கேக்கவே இல்லியே?"

"திட்டுடி. நல்லாத் திட்டு."

காவியா திட்டவில்லை. சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு குரலை இறக்கி, "நீ சொன்னத எல்லாம் ஒரு வார்த்த வுடாம எழுதிக் குடு. நைட்டு மனப்பாடம் பண்ணிக்கறேன்," என்றாள்.

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் சித்ரா எழுதினாள். இரண்டு தாள் ஆயிற்று. ஷட்டரை இழுத்துவிட்டு இருவரும் ஐந்து மணி பஸ் ஏறினார்கள். காவியா பக்கத்தில் உட்காரவில்லை. நான்கு சீட் முன்னால் போய் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்துக்கொண்டாள்.

சித்ரா வழியெல்லாம் தங்கையின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் தாளைப் படித்தபோது தலை ஆடியது, மனப்பாடம் செய்கிற ஆட்டம். இரண்டாவது தாளில் அது நின்றுவிட்டது. பெருநகர் வரும்வரை ஆடவே இல்லை.

*

வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கண்ணகி, இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி ரெண்டு பேரும் எயவு வூட்டுக்குப் போய் வந்த மாதிரி வர்றீங்க? சர்டிபிகேட் குடுக்கலியா?"

காவியா அக்காவைத்தான் பார்த்தாள்.

"நைனா கழனியில தண்ணி நின்னப்ப எனக்கு இன்னா வயசுக்கா?"

"பதிமூணு."

"பதிமூணு வயசுல நான் ஃபைனல் இயர் படிச்சேனா? லெவல் மிஷின் தூக்கிக்கினு போனேனா? என் பொறந்த தேதி அவரு முன்னால ஃபாரத்துல கீது. இத எப்படி நான் மனப்பாடம் பண்றது?"

சித்ரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் பிறந்தநாளெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு, பேசிய அந்தப் பத்து நிமிடத்தில் தங்கையின் வயது நினைப்பில் இல்லை. அவள் தன் வயதில் பேசியிருந்தாள்.

நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கண்ணகிக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. முடிவு சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வாய மூடிக்கினு கம்முனு இருங்க ரெண்டு பேரும். அவரு கவனிச்சாரோ இல்லியோ. நீயா போயி இன்னாத்துக்கு மாட்டிக்கணும்? கேட்டா, அக்கா கதையச் சொன்னேன், வாய் தவறி நான்னு வந்துடுச்சுன்னு சொல்லிடு."

"பொய்ம்மா அது."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணு! சும்மா பேஜார் பண்ணாதடி."

காவியா தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

"இது என் காரணம் இல்லக்கா. உன்னுது. நீதான் இத படிக்கணும்னு நெனச்சிருக்கே. ஒரே ரூம்லதான படுக்கறோம்? விண்ணப்பம் போட்டப்பகூடக் கூட உக்காந்து எழுதினியே. ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லலியே?"

"நீ கேக்கலியேடி," என்றாள் சித்ரா.

குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. காவியா அடி வாங்கியவள் போல உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு அரியர்," என்று சித்ராவே தொடர்ந்தாள். "நைனா தவறின வாரந்தான் பரீச்ச. எழுதல. டிகிரியே கைக்கு வரல, இதுல நான் எங்க சட்டம் படிக்கறது? போன மாசம் பழைய அரியருக்கெல்லாம் ஸ்பெஷல் பரீச்சன்னு வந்துதே, பதினோரு பேருக்கு நான்தான் ஃபாரம் போட்டேன். எனக்குப் போடல. சொல்றதுக்கு அதுல இன்னா கீது?"

கண்ணகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பரண் ஏணி நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய படச் சுருள் இருந்தது. அதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறே கால்.

சித்ரா போனை எடுத்தாள்.

"வேணாம்க்கா." காவியா எழுந்துவிட்டாள். "பண்ணினா எல்லாம் போச்சு. இன்னொரு பேரு ரெடியா கீது. அவங்களுக்குக் குடுத்துட்டுப் போயிக்கினே இருப்பாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள யுனிவர்சிட்டிக்குப் பதில் சொல்லணும். அதுக்கப்பறம் எனக்குன்னு யாரு கீறாங்க? வேணாம், ப்ளீஸ்."

"நாளைக்கு அவங்க முன்னால நீ தனியா உக்காரணும்டி. நான் சொன்ன பொய்ய நீ சொல்லணும். அது முடியுமா உன்னால?"

சித்ரா மாடிப்படி ஏறினாள். அந்த வீட்டில் மொட்டை மாடியில்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும்.

*

மேலே வெளிச்சம் இன்னும் இருந்தது. செய்யாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. காய்ந்த துணி கொடியில் படபடத்தது. தன் ஒரு வார்த்தையால் தங்கையின் படிப்பு போய்விடலாம் என்று அவளுக்குத் தெரியும். போய்விட்டால் காவியா வீட்டிலேயே இருப்பாள், ஆனால் பேச மாட்டாள். போகாவிட்டால் பேசுவாள், ஆனால் வீட்டில் இருக்க மாட்டாள். எப்படிப் பார்த்தாலும் தனக்கென்று மிஞ்சப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியபோது சித்ராவுக்கு அழுகை வந்தது. அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் தானியேல், முதல் மணியிலேயே.

"சார், மத்தியானம் உங்ககிட்ட பேசினது காவியா இல்ல. நான் அவ அக்கா. ஃபாரத்துல என் நம்பரப் போட்டது நான். காவியாவான்னு கேட்டதும் ஆமான்னு சொன்னதும் நான்தான். அவ சென்னைக்குப் போயிருந்தா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. சாயங்காலம்தான் சொன்னேன். தண்டன குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க சார், அவளுக்கு வேணாம்."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்மா."

"சார்?"

"காவியா பிறந்த வருஷம் என் முன்னால இருக்கு. பதிமூணு வயசுப் பொண்ணு காலேஜ் லேப்ல லெவல் மெஷின் வாங்கியிருக்க முடியாது. உங்க போனை வெச்ச உடனே இந்தப் பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சிருக்கலாம். அடிக்கலை. ஏழு மணி வரைக்கும் பார்ப்போம்னு உக்காந்திருந்தேன்."

சித்ரா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சந்தோஷப்படாதீங்க. இதை நான் குழுகிட்ட மறைக்க முடியாது. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். தங்கைக்குக் கிடைக்குமா, கிடைக்காதான்னு இப்போ என்னால சொல்ல முடியாது. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க ரெண்டு பேரும் கேமரா முன்னால உக்காரணும். காவியாகிட்ட அதே கேள்வியைக் கேப்பேன். அவங்க பதிலைத்தான் சொல்லணும், உங்களுடையதை இல்லை. படத்தையும் எடுத்துட்டு வாங்க."

"படம் எதுக்கு சார்? அதான் அவளோடது இல்லியே."

"நான் பார்க்கணும்மா."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சித்ரா திரும்பினாள். கடைசிப் படியில் காவியா நின்றிருந்தாள், படச் சுருளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கோபமாகவும் இருக்கலாம்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார் தானியேல். "அறிக்கையில எழுதணும். மத்தியானம் என்கிட்ட பேசினவங்க பேர் என்ன?"

பழக்கத்தில் நாக்கு வேறொரு பெயருக்குத்தான் எழுந்தது. சித்ரா அதை விழுங்கினாள். எதிரே தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்ரா, சார்," என்றாள். "கேசவன் பொண்ணு சித்ரா."

"கொஞ்சம் இருங்க," என்றார் அவர். "எழுதிக்கறேன்."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.